பேத்தி கேட்ட காட்டு டிராகன்

நம் சங்க அன்பர்களில் பலருக்கு இன்று பேரன் பேத்திகள் வெளிநாட்டில் இருக்கிறார்கள். ஞாயிற்றுக்கிழமை தோறும் கைபேசித் திரையில் முகம் பார்த்துப் பேசுகிறோம். "சாப்பிட்டாயா, படித்தாயா" என்று இரண்டு கேள்வி கேட்டு முடித்ததும் நமக்கும் விஷயம் தீர்ந்துவிடுகிறது, அவர்களுக்கும் தீர்ந்துவிடுகிறது. அப்புறம் பாட்டியிடம் போன் போய்விடும். அப்படி இருக்கையில், பதின்மூன்று வயதுப் பேத்தி ஒருத்தி கனடாவிலிருந்து, "தாத்தா, நம்ம ஊர்க் காட்டுல டிராகன் உண்டா? எனக்கு ஒண்ணு வேணும்" என்று கேட்டால் விடுவேனா? அந்த விசாரணையில் மூன்று வாரம் போயிற்று. அதில் கிடைத்தவற்றை நம் இதழ் வாசகர்களோடு பகிர்ந்துகொள்ளவே இந்தக் கட்டுரை.

முதலில் அந்தப் பெண்ணுக்கு டிராகன் எதற்கு என்று சொல்லிவிடுகிறேன். 'டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ்' என்று ஒரு விளையாட்டு. 1974-ல் அமெரிக்காவில் கேரி கைகாக்ஸ், டேவ் ஆர்னசன் என்ற இருவர் வெளியிட்டது. நாலைந்து பிள்ளைகள் மேஜையைச் சுற்றி உட்காருகிறார்கள். ஒருத்தி கதை சொல்கிறாள். மற்றவர்கள் ஆளுக்கொரு பாத்திரம் எடுத்துக்கொள்கிறார்கள்; ஒருவன் வீரன், ஒருத்தி மந்திரக்காரி, இன்னொருவன் திருடன். "காட்டுக்குள் போகிறீர்கள், எதிரே ஓர் ஆறு, என்ன செய்வீர்கள்?" என்று கதைக்காரி கேட்பாள். அவர்கள் தாண்டுகிறோம் என்றால் பகடை உருட்ட வேண்டும். விழுந்த எண்ணைப் பொறுத்து தாண்டினார்களா, தண்ணீரில் விழுந்தார்களா என்று தீர்மானமாகும். தாயமும் வில்லுப்பாட்டும் சேர்ந்தது என்று வைத்துக்கொள்ளுங்கள். கணினி வேண்டாம், தாளும் பென்சிலும் போதும். 1980-களில் அமெரிக்காவிலேயே சில பெற்றோர் இது பிள்ளைகளைக் கெடுக்கும் பேய் விளையாட்டு என்று எதிர்த்திருக்கிறார்கள். எனக்கு அப்படித் தோன்றவில்லை. நாலு பிள்ளைகள் ஒரு மேஜையில் மூன்று மணி நேரம் முகம் பார்த்துப் பேசுவது இந்தக் காலத்தில் சாமானியமா?

பகடைகளைத் திரையில் காட்டினாள். நம் சொக்கட்டான் பகடை மாதிரி நீளக் கட்டை இல்லை. நாலு முகம், ஆறு முகம், எட்டு முகம், பத்து முகம், பன்னிரண்டு முகம், கடைசியில் இருபது முகம் கொண்ட ஒன்று. டிப்ளமா முதலாண்டில் என்ஜினீயரிங் டிராயிங் வகுப்பில் நான்முகியையும் எண்முகியையும் சாய்த்து வைத்துப் படம் போடச் சொல்லி எங்களை அழவைத்தார்கள். அதே உருவங்களைப் பேத்தி குலுக்கி உருட்டுகிறாள். இருபது முகமும் சமபக்க முக்கோணம், எந்த முகம் விழுவதற்கும் ஒரே வாய்ப்பு. அழகான பொருள்.

இந்த விளையாட்டில் டிராகன்களுக்கு நிறப்படி குணம் உண்டாம். சிவப்பு நெருப்பைக் கக்கும், மலையில் இருக்கும். வெள்ளை பனிப்பிரதேசம். பச்சை டிராகன்தான் காட்டுவாசி. விஷக்காற்றை ஊதும், தந்திரமாகப் பேசி ஏமாற்றும். அந்த வாரம் கதை சொல்லும் முறை என் பேத்தியுடையது. புத்தகத்தில் இருக்கும் பச்சை டிராகன் எல்லோருக்கும் மனப்பாடம், அதனால் சுவாரசியம் இல்லை. "நம்ம ஊர் டிராகன்னா யாருக்கும் தெரியாது தாத்தா, எல்லாரும் மாட்டிக்குவாங்க" என்பது அவள் திட்டம்.

நான் முதலில் சொன்னது அனந்தனைத்தான். வேறு யார் நினைவு வரும்? திருவனந்தபுரம் என்ற பெயரே ஒரு பெரிய நாகத்தின் பெயர். இன்று பத்மநாபசுவாமி கோயில் இருக்கும் இடம் ஒரு காலத்தில் அனந்தன் காடு என்ற பெருங்காடு. குழந்தை வடிவில் வந்த பெருமாள் கோபித்துக்கொண்டு, "என்னைப் பார்க்க வேண்டுமானால் அனந்தன் காட்டுக்கு வா" என்று சொல்லி மறைந்தார். முனிவர் தேடி வந்தார். இலுப்பை மரம் சாய்ந்தது, அது அனந்தசயனமாக நீண்டு, தலை திருவல்லத்திலும் பாதம் திருப்பாப்பூரிலுமாகக் கிடந்தது என்று ஐதிகம். வாசகர்கள் அறிந்த கதைதான். திவாகர முனிவர் என்று சிலரும் வில்வமங்கலத்து சுவாமியார் என்று சிலரும் சொல்வார்கள்; அந்த வழக்கை நான் தீர்க்கப்போவதில்லை.

பேத்தி கண்ணை அகல விரித்துக் கேட்டாள். பிறகு, "ஆனா தாத்தா, விளையாட்டுல டிராகனை வாளால வெட்டுவாங்களே" என்றாள்.

அது நியாயமான தடை. ஆதிசேஷனைக் கொண்டுபோய்ப் பகடை உருட்டி வெட்டுவதற்கு நிறுத்த முடியாது. அதற்கு மேல் இன்னொன்றும் உண்டு. கிரேக்கத்திலும் லத்தீனிலும் டிராகன் என்ற சொல்லுக்கு மூலப்பொருள் பெரிய பாம்புதான். அங்கே வீரன் அதைக் கொல்லப் போகிறான். நாம் அதற்குப் பால் வைத்து, காவு கட்டி, வீட்டுப் பறம்பில் தென்மேற்கு மூலையில் கொஞ்சம் காட்டை வெட்டாமல் விட்டு வைத்தோம். நம் நாகர்கோவிலுக்குப் பெயரே நாகராஜா கோயிலால் வந்தது. ஆகவே நாகத்தை விட்டுவிட்டோம். யாளி வேண்டாம் என்று நானே சொல்லிவிட்டேன். சிங்க உடம்பும் யானைத் துதிக்கையுமாக மண்டபத் தூணில் அழகாக நிற்கும், ஆனால் அது எந்தக் காட்டில் இருந்தது, என்ன தின்றது என்று கேட்டால் பதில் இல்லை. மகரம் தண்ணீர்ப் பிராணி.

அப்போதுதான் ஆரியங்காவு நினைவுக்கு வந்தது.

கொல்லம் செங்கோட்டைப் பாதை 1904-ல் திறக்கப்பட்டது. நான் வேலைக்குச் சேர்ந்த 1980-களில் அது மீட்டர் கேஜ். புனலூருக்குக் கிழக்கே தென்மலை, கழுதுருட்டி, இடப்பாளையம், ஆரியங்காவு என்று மலைக்குள் ஏறும். கழுதுருட்டியில் பதின்மூன்று கண் பாலத்தைப் பார்த்தவர்கள் மறக்க மாட்டார்கள். பாதையைச் சோதிக்க டிராலியில் போவோம். மேடு வந்தால் டிராலிக்காரர்கள் தள்ளுவார்கள். நான் இறங்கி ஸ்லீப்பரையும் ஃபிஷ் பிளேட்டையும் பார்த்தபடி நடப்பேன். அப்படி ஒரு காலையில் பாதையோரத்து மரத்திலிருந்து காய்ந்த இலை ஒன்று எங்கள் தலைக்கு மேல் போயிற்று. இலை விழுந்தால் கீழேதானே விழ வேண்டும்? இது பாதையைக் குறுக்காகத் தாண்டி, எதிர்ப்பக்க மரத்தில் போய் ஒட்டிக்கொண்டது. ஒட்டிக்கொண்டதோடு நில்லாமல் விறுவிறுவென்று மேலே ஏறியது! கேங்மேன் ஒருவர் சிரித்துக்கொண்டே, "சாரே, அது பறக்கும் ஓந்து" என்றார்.

ஓந்து என்பது நம் ஓணான். ஓதி, ஓந்தி என்பவை பழந்தமிழ்ச் சொற்கள். எங்கள் பக்கம் ஓந்தான் என்போம். மலையாளத்தில் ஓந்து. பறக்கும் ஓணானுக்கு விஞ்ஞானிகள் வைத்திருக்கும் பெயரைக் கேளுங்கள்: 'டிராக்கோ துஸ்ஸுமியேரி'. டிராக்கோ என்றால் டிராகனேதான்!

இந்தப் பெயர் வந்த கதை ரசமானது. உயிரினங்களுக்கெல்லாம் இரட்டைப் பெயர் வைக்கும் முறையை நிலைநாட்டிய ஸ்வீடன் நாட்டு லின்னேயஸ், 1735-ல் இளைஞராக ஹாம்பர்க் நகருக்குப் போனார். அங்கே ஏழு தலை நாகம் ஒன்றின் பதம் செய்த உடலை வைத்திருந்தார்கள். பெரும் விலைக்குரிய பொருள். லின்னேயஸ் உற்றுப் பார்த்துவிட்டு, மரநாய் இனத்துச் சிறு பிராணிகளின் தாடையையும் பாதத்தையும் வைத்துப் பாம்புத்தோல் போர்த்திய போலி என்று சொல்லிவிட்டார். விற்க இருந்தவர்களுக்கு எப்படி இருக்கும்? அவர் அந்த ஊரை விட்டுச் சீக்கிரமே கிளம்ப வேண்டியதாயிற்று. அதே ஆண்டு வெளியிட்ட நூலில், டிராகன் என்று காட்டப்படுவது ஒன்று சிறகுள்ள பல்லியாக இருக்கும், அல்லது திருக்கை மீனைக் காயவைத்து உருவம் கொடுத்ததாக இருக்கும் என்று எழுதினார். பின்பு 1758-ல், ஜாவா முதலிய இடங்களில் வாழும் சிறகுள்ள பல்லிக்கு டிராக்கோ என்ற பெயரையே நிலையாக வைத்துவிட்டார். ஐரோப்பா முழுவதும் தேடிய டிராகன் கடைசியில் கிழக்கு நாட்டு மரத்தில் எறும்பு பிடித்துக்கொண்டிருந்தது.

நம் மலையில் உள்ள இனத்தை 1837-ல் பிரான்சில் துமேரிலும் பிப்ரானும் விவரித்தார்கள். துஸ்ஸுமியே என்பவர் கப்பல் வாணிபம் செய்த பிரெஞ்சுக்காரர். மலபார்க் கரைக்கு வந்து போகும்போதெல்லாம் மீனும் பல்லியும் சேகரித்து பாரிஸ் காட்சிசாலைக்குக் கொடுப்பார். அவர் பெயரைத்தான் வைத்தார்கள். டிராக்கோ இனங்கள் நாற்பது அளவில் உண்டு. பெரும்பாலும் தென்கிழக்கு ஆசியக் காடுகளில். வடகிழக்கு இந்தியாவிலும் இருக்கின்றன. தென்னிந்தியாவுக்கு இந்த ஒன்றுதான், அதுவும் மேற்குத் தொடர்ச்சி மலையையும் அதன் அடிவாரத் தோப்புகளையும் ஒட்டியே. எவ்வளவு பெரிது என்கிறீர்களா? வாலோடு சேர்த்து ஏறத்தாழ 23 சென்டிமீட்டர். அதில் பாதிக்கு மேல் வால்.

இனி ஒரு பழைய ரயில்வே ஆசாமிக்குப் பிடித்த பகுதி. பறவைக்கும் வௌவாலுக்கும் கைதான் சிறகு. இந்தப் பிராணிக்குக் கை கையாகவே இருக்கிறது. விலா எலும்புகளில் ஐந்து முதல் ஏழு ஜோடி பக்கவாட்டில் நீண்டு வளர்ந்து, அவற்றின் மேல் தோல் விரிந்திருக்கிறது. குடைக் கம்பியும் குடைத்துணியும் போல. வேண்டாதபோது விலாவோடு மடக்கிக்கொண்டால் சாதாரண ஓணான். விரித்துப் பாய்ந்தால் விசிறி.

இதில் நீண்ட நாள் ஒரு கேள்வி இருந்தது. விலா எலும்பால் குடை விரிக்கலாம், திசை திருப்புவது எப்படி? 2017-ல் டேலிங் என்ற ஜெர்மன் ஆராய்ச்சியாளர் பதில் வெளியிட்டார். அவர் பார்த்தது நம் இனத்தைத்தான், கர்நாடகத்து ஆகும்பேயில். மரத்திலிருந்து குதித்ததும் பிராணி முன்னங்கைகளைப் பின்னால் கொண்டுபோய்த் தன் சிறகின் முன் ஓரத்தைத் தானே பிடித்துக்கொள்கிறது. கையும் தோலும் சேர்ந்து ஒரே சிறகாகின்றன. பிடித்த கையை அசைத்துத் திசை மாற்றுகிறது. இறங்கப் போகும்போது சிறகை விட்டுவிட்டு, கையை முன்னால் நீட்டி மரத்தைப் பற்றிக்கொள்கிறது. வேட்டி நுனியைப் பிடித்துக்கொண்டு வாய்க்கால் தாண்டுகிற மாதிரி என்று பேத்திக்குச் சொன்னேன். அவள் வேட்டி கட்டி யாரும் வாய்க்கால் தாண்டிப் பார்த்ததில்லை; இருந்தாலும் புரிந்துகொண்டாள்.

60 மீட்டர் தூரம் வரை போகும், அதில் 10 மீட்டர்தான் கீழே இறங்கும் என்று சொல்கிறார்கள். ரயில்வே கணக்கில் 6-க்கு 1 சரிவு. நீலகிரி மலைப் பாதையில் மிகக் கடுமையான ஏற்றம் 12-க்கு 1. அதற்கே பற்சக்கரமும் பல் தண்டவாளமும் வேண்டியிருக்கிறது. இந்தப் பிராணி அதைப் போல இரண்டு மடங்கு சரிவில் இறங்கி, குறித்த மரத்தில் குறித்த இடத்தில் நிற்கிறது. பிரேக் சோதனை கிடையாது, சிக்னல் கிடையாது.

பேத்திக்கு இது ரொம்பப் பிடித்துப்போயிற்று. "சரி தாத்தா, இதையே நூறு மடங்கு பெரிசாக்கிடலாம்" என்றாள்.

நான் விடவில்லை. நீளம் நூறு மடங்கானால் சிறகின் பரப்பு பத்தாயிரம் மடங்கு ஆகும். எடை? நீளம், அகலம், உயரம் மூன்றும் பெருகுவதால் பத்து லட்சம் மடங்கு. ஆக, ஒவ்வொரு சதுர அங்குலச் சிறகும் முன்பு தாங்கியதைப் போல நூறு மடங்கு தாங்க வேண்டும். உன் டிராகன் மரத்திலிருந்து குதித்தால் கருங்கல் மாதிரி நேரே கீழே போகும் என்றேன். பாலம் கட்டுகிறவனுக்கும் இதே கணக்குத்தான். சின்ன மாதிரிப் பாலம் நிற்கிறதே என்று அதையே பத்து மடங்கு பெரிதாக்கிக் கட்டினால் சொந்த எடையிலேயே உட்கார்ந்துவிடும். "தாத்தா, அது மேஜிக்" என்று அவள் சொன்னாள். மேஜிக் என்றால் அப்புறம் என் உதவி எதற்கு என்று நானும் கேட்டேன். பாட்டி இடையில் புகுந்து போனை வாங்கிக்கொண்டாள்.

அடுத்த ஞாயிறு பேத்தியே ஒரு யோசனையோடு வந்தாள். டிராகன் பெரிதாக வேண்டாம். 23 சென்டிமீட்டராகவே இருக்கட்டும். காட்டைக் காவல் காக்கும் டிராகன் இருக்கிறது என்று ஊரார் பயமுறுத்தி அனுப்புவார்கள். வீரர்கள் யானை அளவுப் பிராணியைத் தேடிப் போவார்கள். அது அவர்கள் தலைக்கு மேல் மரப்பட்டையோடு பட்டையாக உட்கார்ந்து எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டிருக்கும். "அதோட பலமே கண்ணுல படாம இருக்கிறதுதான். பலவீனம் என்ன தாத்தா? ஏதாவது ஒண்ணு வேணும், இல்லேன்னா விளையாட்டே இல்ல" என்றாள்.

பலவீனம் இருக்கிறது. மரத்திலேயே பிறந்து மரத்திலேயே திரிவது போலத் தோன்றும் இந்தப் பிராணி, ஆணாக இருந்தால் தரையைத் தேடுவதே இல்லை எனலாம். அதற்கு வேண்டிய எறும்பு மரத்திலேயே கிடைக்கிறது. தொண்டையில் எலுமிச்சை மஞ்சள் நிறத்தில் ஒரு மடிப்பை நீட்டி நீட்டி மடக்கி, "இது என் மரம்" என்று மற்ற ஆண்களுக்குக் கொடி காட்டிக்கொண்டிருக்கும். பெண் மட்டும் ஒரே ஒரு காரியத்துக்காகக் கீழே இறங்குகிறது, முட்டையிட. தலையால் மண்ணை நோண்டிச் சிறு குழி செய்து, நாலைந்து முட்டை இட்டு, மண்ணைத் தள்ளி மூடுகிறது. ஏறத்தாழ ஒரு நாள் பக்கத்தில் காவல் இருக்கிறது. பிறகு மரம் ஏறிவிடும். மண்ணின் சூட்டிலும் ஈரத்திலும் முட்டை தானாகப் பொரிய வேண்டும். சிறகு விரித்துப் பாய்கிற பிராணி மண்ணில் நிற்கும் அந்த நேரத்தில் பாம்புக்கும் கோழிக்கும் எட்டும் பொருளாகிவிடுகிறது.

திரையில் பேத்தி சற்று நேரம் ஒன்றும் பேசவில்லை. பிறகு எழுதிக்கொண்டாள்.

விளையாட்டு எப்படிப் போயிற்று என்று அடுத்த வாரம் ஆவலோடு கேட்டேன். ஐந்து பிள்ளைகள். இரண்டு மணி நேரம் காட்டில் அலைந்து டிராகனைக் காணாமல் எரிச்சலாகிவிட்டார்களாம். கடைசியில் ஒரு மரத்தடியில் சின்ன ஓணான் ஒன்று மண்ணைத் தள்ளிக்கொண்டிருப்பதைப் பார்க்கிறார்கள். திருடன் பாத்திரம் எடுத்த பையன் மட்டும் சந்தேகப்பட்டுப் பகடை உருட்டினான், பத்தொன்பது விழுந்தது, அதுதான் டிராகன் என்று தெரிந்துவிட்டது. உடனே சண்டை. டிராகனோடு சண்டை இல்லை, அவர்களுக்குள். மூன்று பேர் முட்டை பொரியும்வரை காவல் இருப்போம் என்கிறார்கள். ஒருத்தி வேண்டாம், நம் வேலை டிராகனைக் கொல்வது, கூலி வாங்கியிருக்கிறோம் என்கிறாள். திருடன் பாத்திரக்காரன் இரவில் எழுந்து இரண்டு முட்டையை எடுத்துக்கொண்டு ஓடிவிட்டான். பகடையும் அவனுக்கு அனுகூலமாக விழுந்தது. பொழுது விடிந்ததும் மீதி நாலு பேரும் நிஜமாகவே அவனோடு பேசவில்லையாம், அவன் அம்மா பீட்சா கொண்டுவந்து வைத்த பிறகுதான் சமாதானம். "நீ என்ன செய்திருப்பாய்?" என்று கேட்டேன். "நான் கதை சொல்றவ தாத்தா, எனக்கு அபிப்பிராயம் இருக்கக் கூடாது" என்றாள். ரிட்டயர்டு ஜட்ஜ் மாதிரி பதில்!

அதோடு விட்டாளா? "தாத்தா, நம்ம ஸ்ரீவராகம் வீட்டுல அது முட்டை போட இடம் இருக்கா?" என்று அடுத்த கேள்வி.

அந்தச் சமயத்தில் இந்தக் கேள்வி வந்தது தற்செயல். ஸ்ரீவராகத்தில் நானும் என் தம்பியும் பாகம் பிரிக்காத ஒரே பறம்பில் இரண்டு வீடாக இருக்கிறோம். ஒரு பலா, இரண்டு மா, நாலைந்து தென்னை. தம்பி முன்னும் பின்னுமாக எல்லா இடத்துக்கும் இன்டர்லாக் கல் பதித்துவிடலாம் என்று மேஸ்திரியிடம் எஸ்டிமேட் வாங்கியிருந்தான். அவன் சொல்வதில் தவறில்லை. இடவப்பாதி மழையில் வாசல் சேறாகிறது. இலை பெருக்க ஆள் கிடைப்பதில்லை. அவன் மனைவிக்கு முழங்கால் வலி, வழுக்கி விழுந்தால் யார் பார்ப்பது? எங்கள் தெருவிலும் பக்கத்துத் தெருக்களிலும் இப்படிக் கல் பதிக்காத வாசலைத் தேடித்தான் காண வேண்டும்.

பேத்திக்கு உண்மையைச் சொன்னேன். பறக்கும் ஓணானை ஸ்ரீவராகத்தில் நான் பார்த்ததில்லை. அதற்குக் கிழக்கே மலையோரம் போக வேண்டும். இங்கே இருப்பது சாதாரண ஓணான்தான், வேலியில் தலையாட்டிக்கொண்டு, தொண்டை சிவந்து, சின்ன வயதில் நாங்கள் கல்லெறிந்து துரத்திய அதே பிராணி. ஆனால் முட்டை விஷயத்தில் அதுவும் இதற்கு உறவுதான். அதுவும் ஈர மண்ணைத் தோண்டி, பத்து முதல் இருபது முட்டை வரை இட்டு மூடிவிட்டுப் போகும். கல் பதித்த இடத்தில் எங்கே தோண்டும்? மழைத் தண்ணீர் கல்லிடுக்கில் கொஞ்சம் இறங்கும் என்று விற்கிறவர்கள் சொல்வார்கள். ஓணான் இறங்காது.

தம்பியும் நானும் இரண்டு நாள் பேசினோம். அவனுக்கு ஓணான் வாதம் சிரிப்பாக இருந்தது. "அண்ணே, ஓந்தானுக்கு வேண்டி நாம சேத்துல நடக்கணுமா?" என்றான். பூமியைத் தூக்கி நிறுத்திய வராகமூர்த்தி குடியிருக்கும் ஊரில் ஒரு பிடி மண் வெளியே தெரியாமல் மூடுகிறோமே என்றேன், அதற்கும் சிரித்தான். ரயில்வேக்காரன் வாதம்தான் கடைசியில் எடுபட்டது. தண்டவாளத்துக்கு அடியில் ஜல்லி போடுவது எடையைப் பரப்புவதற்கு மட்டுமில்லை, தண்ணீர் வடிவதற்கும்தான்; ஜல்லி இடுக்கில் மண் அடைத்துக்கொண்டால் பாதை உட்கார்ந்துவிடும். வாசல் சேறாவதற்குக் காரணம் மண் இல்லை, வடிகால் இல்லாததுதான் என்று மட்டக்கோல் வைத்துக் காட்டினேன். கேட்டிலிருந்து இரண்டு வீட்டு வாசல் வரை கார் போகிற அகலத்துக்கும், அடுக்களைப் பக்கம் துணி உலர்த்தும் இடத்துக்கும் மட்டும் கல். மதிலோரமாகப் பலாவைச் சுற்றிப் பின்பக்கம் வரை மண்ணாகவே இருக்கட்டும், அதற்கு ஒரு ஓடை வெட்டலாம் என்று முடிவாயிற்று. எஸ்டிமேட் பாதிக்கும் கீழே வந்ததும் தம்பிக்கு மனம் லேசாகிவிட்டது என்பதையும் சொல்ல வேண்டும். அந்த மண் ஓரத்தைப் பெருக்குவது என் பொறுப்பு என்று எழுதாத ஒப்பந்தம்.

பறக்கும் ஓணானின் நிலைமை என்ன என்று சில அன்பர்கள் கேட்கக்கூடும். அழியும் தறுவாயில் உள்ள பிராணிகளின் பட்டியலில் அது இல்லை. அடர்காட்டில் மட்டும்தான் வாழ்வேன் என்று பிடிவாதம் பிடிப்பதுமில்லை. பாக்குத் தோட்டத்திலும் தென்னந்தோப்பிலும் கூட இருக்கும். மரத்துக்கு மரம் தாவும் தூரத்தில் மரங்கள் இருக்க வேண்டும், கீழே மண் இருக்க வேண்டும். அவ்வளவுதான் அதன் தேவை. சிறகின் நிறத்துக்கும் காட்டுக்கும் உள்ள தொடர்பு பற்றியும் ஆராய்ந்திருக்கிறார்கள். போர்னியோத் தீவில் இதன் உறவினமான ஒன்று, எந்த இடத்தில் எந்த நிற இலை உதிர்கிறதோ அந்த நிறத்தையே சிறகில் கொண்டிருக்கிறது என்று 2014-ல் ஒரு ஆய்வு வந்தது. பருந்து பார்த்தால் இலை விழுகிறது என்று நினைக்கும். ஆரியங்காவில் நானும் அப்படித்தானே நினைத்தேன்.

விடுமுறைக்குப் பேரன் பேத்திகள் வரும்போது காட்ட விரும்புகிறவர்களுக்கு: தென்மலைக்குப் போங்கள். அங்குள்ள செந்துருணி வனவிலங்குச் சரணாலயம் செங்குறிஞ்சி மரத்தால் பெயர் பெற்றது. புனலூர் செங்கோட்டைப் பாதை 2018 முதல் அகலப் பாதையாகிவிட்டதால் ரயிலிலும் போகலாம். மிருகக்காட்சிசாலையில் மாதிரிக் கூண்டைத் தேடுவது போலத் தேடினால் கிடைக்காது. வெயில் ஏறத் தொடங்கும் காலை நேரத்தில், வெளிச்சம் விழும் ஒரு பாக்குமரத்தையோ காட்டுமரத்தையோ தேர்ந்துகொண்டு, தரையிலிருந்து இரண்டு ஆள் உயரத்துக்கு மேல் தண்டை மட்டும் பாருங்கள். உருவத்தைத் தேட வேண்டாம்; மஞ்சள் நிறத்தில் ஏதாவது மினுக்கி மறைகிறதா என்று பாருங்கள். ஆண் கழுத்துக் கொடியை நீட்டும்போதுதான் முதலில் கண்ணில் படும். அது மரத்தின் மறுபக்கத்துக்கு நகரும். நீங்களும் சுற்றினால் அதுவும் சுற்றும். ஒருவர் இந்தப் பக்கமும் ஒருவர் அந்தப் பக்கமுமாக அசையாமல் நிற்பது நல்லது. கல்லெறிந்து பறக்கவைக்க வேண்டாம், தானே பறக்கும். மழை தொடங்கிய பின் போனால் அட்டைக் கடிக்கு உப்புப் பொட்டலமும் கையில் இருக்கட்டும். என் பேத்தி வருகிற ஜூலையில் வருகிறாள். இருபது முகப் பகடையையும் கொண்டுவருவதாகச் சொல்லியிருக்கிறாள்.